அமாவாசைக்கு அமாவாசை பாஸ்வேர்டு

உடையார்பாளையம் கடைத்தெருவில் வந்து புவனேஸ்வரி வீடு எது என்று கேட்டால் எல்லோரும் தலையைச் சொறிவார்கள். "அமாவாசை நெட்டுக்காரம்மா" என்று கேளுங்கள், டீ ஆற்றுகிற மாஸ்டர் டம்ளரை வைத்துவிட்டு வந்து கையைக் காட்டுவார். கடைக்கு அவள் வைத்த பெயர் ஸ்ரீ புவனா பிரவுசிங் சென்டர். பெயிண்டர் அதை நீலத்திலும் சிவப்பிலும் எழுதி, ஓரத்தில் ஒரு ரோஜாப்பூவும் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தப் பெயரை ஒருவர் வாயாலும் நான் கேட்டதில்லை.

அவள் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவள் யாரையாவது திட்டினால் இந்தப் பக்கம் எனக்கு அளவு தப்பிப் போகும். கோபக்காரி என்று சொல்ல மாட்டேன். ஒன்றை நம்பிவிட்டால் ஊரே அதை நம்ப வேண்டும் என்று நினைப்பவள். வெந்தயத் தண்ணீர் குடித்தால் உடம்புச் சூடு தணியும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு கோடை முழுக்க என் வாசலில் சொம்போடு வந்து நின்றாள். நான் குடித்து முடிக்கும்வரை நகர மாட்டாள். எனக்குச் சூடே கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்டால்தானே.

புவனேஸ்வரியின் அம்மா, அவளுடைய சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா செல்லதுரை, சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டின் முன்கட்டுதான் கடை. சித்தப்பா வாசல் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்பார். மகளுக்கு இருபத்தெட்டு வயது முடிந்தும் கல்யாணம் ஆகவில்லை என்பது அவருக்குப் பெரிய கவலை. உறவுக்காரர்கள் கேட்டால், "நான் போயிட்டா கம்ப்யூட்டரை யாரு பாத்துக்குவா, அப்பாவ யாரு பாத்துக்குவா?" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

2003-ல் திருச்சியில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு கூட்டம் நடந்தது. டை கட்டிய ஒருவர் மேடையில் ஏறி, மெயில் பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்ற வேண்டும் என்று சொன்னாராம். வேறு என்னென்னவோ சொல்லியிருப்பார். இவள் பிடித்துக்கொண்டது அது ஒன்றைத்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக்கூட வைக்காமல் நேரே என் கடைக்கு வந்தாள்.

"பரிமளாக்கா, மாசாமாசம் மாத்தணுமாம். மாத்தலன்னா திருடன் பூந்துருவானாம்."

"எந்தத் திருடன்டி?"

"ரஷ்யாவுல இருப்பானாம்."

"ரஷ்யாக்காரனுக்கு நம்மூர்ல என்னடி வேலை? முந்திரிக்கொட்டை வாங்க வரானா?"

அவள் சிரிக்கவில்லை. ஊர் ஜனங்களை மாதாமாதம் மாற்ற வைப்பது எப்படி என்று யோசிக்கப் போய்விட்டாள். முதல் தேதி என்றால் ஒருவருக்கும் நினைவிருக்காது. அமாவாசையை மறக்கிறவர் யார்? கடைத்தெருவில் அன்றைக்கு ஒவ்வொரு கடை வாசலிலும் பூசணிக்காயில் சூடம் கொளுத்தி, சுற்றி, ரோட்டில் போட்டு உடைப்பார்கள். கண்திருஷ்டி கழிக்கிற நாளிலேயே பழைய பாஸ்வேர்டையும் கழித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மறு அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைந்த கையோடு ஒரு பலகை வாசலுக்கு வந்தது. "இன்று அமாவாசை. அனைவரும் பாஸ்வேர்டு மாற்றவும். சர்க்கரைப் பொங்கல் உண்டு."

பொங்கலுக்காகவே கூட்டம் வந்தது. சிங்கப்பூரில் மகன் இருக்கிற முந்திரி வியாபாரி ஆண்டவர்தான் முதல் ஆள்.

"ஏம்மா, அமாவாசைக்கு மாத்தலன்னா பித்ரு தோஷம் கீது வருமா?"

"வராதுங்க. ஆனா பொங்கல் வராது."

"அப்ப மாத்திருவோம்," என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொருவரும் தட்டும்போது புவனேஸ்வரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். "போடுங்க, நான் பாக்கல. யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்பாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் அமாவாசைக்கு மறுநாள் கடையே அமளிப்படும். புதிதாக வைத்தது யாருக்கும் ஞாபகம் வராது. மறந்தவர்களுக்கெல்லாம் இவள் புதுக் கணக்கு திறந்து கொடுப்பாள். ஆண்டவருக்கு இப்படியே கணக்கு பெருகிப் பெருகி, கடைசியில் அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு, "அப்பா, நான் எந்த அட்ரஸுக்குத்தான் எழுதறது?" என்று கேட்டான். பிறகு நாளாக நாளாக மறப்பது தானாகக் குறைந்தது. ஒரு கட்டத்தில் ஒருவர்கூட மறப்பதில்லை. "பாத்தீங்களாக்கா, எல்லாரும் பழகிட்டாங்க" என்று அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. எனக்குந்தான் ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் நானும் மறப்பதில்லை.

இந்தப் பெருமையை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் சுரேஷ்குமார். பெரம்பலூர்க்காரர். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க ஒரு பையை மாட்டிக்கொண்டு பைக்கில் வருவார். ஒல்லியான ஆள். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வார். ஆனால் அந்தப் பலகையை முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கு அவருக்கும் வாய் திறந்துகொண்டது.

"மேடம், இது எதுக்குங்க? வூட்டுப் பூட்ட மாசாமாசம் மாத்துவீங்களா?"

"துணிய தினம் மாத்தறீங்கல்ல சார்?"

"துணி அழுக்காகுதுங்க. பாஸ்வேர்டு அழுக்காகாது. நீளமா, வேற யாருக்கும் தோணாததா, ஒரு எடத்துல வெச்சத இன்னொரு எடத்துல வெக்காம வெச்சுக்கிட்டா போதும். எவனாச்சும் பாத்துட்டான்னு சந்தேகம் வந்தா அன்னைக்கே மாத்தணும். அமாவாசை வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

"நீங்க கடைசியா எப்ப மாத்துனீங்க?"

"காலேஜ்ல வெச்சதுங்க."

"அடச்சீ!" என்றாள் புவனேஸ்வரி, ஒரு வருஷம் குளிக்காதவரைப் பார்த்ததைப் போல. "நம்ம மாவட்டத்தையே பாருங்க சார். திருச்சியா இருந்தோம், பெரம்பலூர் ஆனோம், அப்புறம் அரியலூர் ஆனோம், மறுபடியும் பெரம்பலூர் ஆயிட்டோம். கவர்மெண்டே மாவட்டத்த மாத்துது. நீங்க ஒரு பாஸ்வேர்ட மாத்த மாட்டீங்களா?"

"மாத்துனதுல நமக்கு என்னங்க வந்துச்சு? கவர்ல விலாசம் எழுதத்தான் கொழப்பம்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவள் தடுப்புப் பலகையில் ஒரு தட்டு தட்டி என்னை அடக்கினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் கம்ப்யூட்டர்கள் அடிக்கடி கெட்டுப்போக ஆரம்பித்தன. மவுஸ் நகரவில்லை, திரை மினுக்குகிறது, ஃபேன் சத்தம் போடுகிறது என்று பெரம்பலூருக்கு போன் போகும். சுரேஷ்குமார் பையோடு வருவார். ஒருதடவை வந்து குனிந்து பார்த்தால் பிளக்கே சொருகியிருக்கவில்லை. அதைப் பிடுங்கிவிட்டது யாரென்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். சொருகிவிட்டு, பாஸ்வேர்டைப் பற்றி ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அன்று முழுக்க இவள் யாரையும் திட்டவில்லை.

2006 சித்திரையில் ஒருநாள் மத்தியானம் ஓடி வந்து என் கையிலிருந்த கத்திரிக்கோலைப் பிடுங்கி வைத்துவிட்டு, என்னை இழுத்துப் போய்த் திரைக்கு முன் உட்கார வைத்தாள். அவர் மெயில் அனுப்பியிருந்தார். வாயால் சொல்ல வராதவர், இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தார். "மேடம், உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். யூ.பி.எஸ் பேட்டரி அடுத்த வாரம் மாற்ற வேண்டும்."

எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. "எழுதுடி, இப்பவே எழுதுடி!" என்றேன்.

எழுதினாள். நல்லாத்தான் எழுதினாள். எனக்கும் விருப்பம்தான், ஆனால் கடையை விட மாட்டேன், அப்பாவைத் தனியே விட மாட்டேன், இதற்குச் சம்மதம் என்றால் உங்கள் அம்மாவோடு வந்து கேளுங்கள் என்று எழுதினாள். எழுதிவிட்டு அனுப்பவில்லை. எழுதி அனுப்பாமல் வைக்கிற கடிதத்துக்கென்று மெயிலில் ஓர் இடம் உண்டு, டிராஃப்ட் என்பார்கள். அங்கே போட்டு வைத்தாள். ஒரு ஆம்பளையிடம் இப்படி நிபந்தனை போட்டால் அவர் ஓடிவிடுவார் என்று பயம். நிபந்தனை போடாமல் சரி என்று சொல்லவும் பயம். வைகாசியில் அதைத் திறந்து ஒரு வரியை எடுத்தாள், ஆனியில் அதே வரியைத் திரும்பச் சேர்த்தாள். அவர் வந்தால் பேட்டரியைப் பற்றி மட்டும் பேசினாள். மனுஷனும் பேட்டரியை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

ஆடியில் அவரிடமிருந்து இன்னொரு மெயில் வந்தது. வீட்டில் அம்மா செந்துறைப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார், ஆவணி பிறந்ததும் முடிவு செய்துவிடுவார், ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். "அனுப்பேன்டி" என்றேன். "இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்கா" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு வெட்டிய ஜாக்கெட்டில் ஒரு கை நீளமாகப் போய்விட்டது.

ஆவணி அமாவாசை வந்தது. பூசணிக்காய் உடைந்தது, எல்லோரும் பாஸ்வேர்டு மாற்றினார்கள், அவளும் மாற்றினாள். பொங்கலுக்கு வெல்லம் போட மறந்துவிட்டாள். ஆண்டவர் ஒரு வாய் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் விழுங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கடை வாசலில் ஒரு வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. சுரேஷ்குமார் இறங்கினார். பை இல்லை. பட்டு வேட்டி கட்டியிருந்தார். பின்னாலேயே அவருடைய அம்மா சின்னப்பிள்ளை இறங்கினார். கையில் தாம்பாளம், அதில் பூ, பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய். நான் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

புவனேஸ்வரி கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னங்க சார், நான் போன் பண்ணலியே. எல்லாம் நல்லாத்தான ஓடுது?" என்றாள்.

"நீங்கதான மேடம் வரச் சொன்னீங்க?"

"நானா?"

"மெயில் அனுப்பினீங்களே. அம்மாவோட வந்து கேளுங்கன்னு."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் அனுப்பலியே!"

உள்ளே மெயில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நாற்காலியைத் திருப்பினார்கள். சின்னப்பிள்ளை தாம்பாளத்தோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சுரேஷ்குமார் மகிழ்ச்சியாக வந்த முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அவள் பாய்ந்து போய்த் தன் மெயிலைத் திறந்தாள். அனுப்பியவை இருக்கிற இடத்தில் அந்தக் கடிதம் இருந்தது. ஒரு எழுத்து மாறாமல் அவள் எழுதியதேதான். அமாவாசைக்கு இரண்டாம் நாள் போயிருந்தது.

"அமாவாசைக்குத்தான மாத்துனேன்!" என்று கத்தினாள். "மாத்துன ரெண்டாம் நாளே எவன் தொறந்தான்? எப்படித் தொறந்தான்?"

பெண் பார்க்க வந்தவர்கள் நிற்கிறார்கள், இவளுக்குப் பாஸ்வேர்டுதான் பெரிதாகப் போய்விட்டது.

வாசல் மேசையில் சித்தப்பா மெல்ல எழுந்தார். "நாந்தான் பாப்பா."

"அப்பா?"

"அன்னைக்கு நீ ஜெயங்கொண்டம் போயிருந்தியே. எனக்கு ஒரு கணக்கு தொறந்து குடுத்தியே, அதப் பாக்கலாம்னு உக்காந்தேன். மேல உம்பேரு இருந்தத கவனிக்கல. என்னோட பாஸ்வேர்ட அடிச்சேன். தொறந்துகிச்சு. யாருடா நமக்கு இவ்ளோ லெட்டர் போட்டுருக்காங்கன்னு சந்தோஷமா படிச்சேன். ரெண்டாவது லெட்டர்லதான் அது உன்னோடதுன்னு தெரிஞ்சுது. அதுக்கு மேல படிச்சது தப்புதான். அனுப்புனது தப்பில்ல."

"உங்க பாஸ்வேர்ட அடிச்சா என்னோடது எப்படிப்பா தொறக்கும்?"

"அதான் எனக்கும் தெரியல பாப்பா. இது ஆவணி மாசமாச்சே, அதனால ஆவணின்னு போட்டு வருஷத்தப் போட்டேன்."

மூலையிலிருந்து ஆண்டவர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, ஆவணிதான் எனக்கும்."

"எனக்கும்," என்றது இன்னொரு நாற்காலி.

"போன மாசம் ஆடி. அதுக்கு முன்ன ஆனி," என்றது வேறொன்று.

"ஏன்டி புவனா, எனக்கும் அதேதான்டி," என்றேன் நான். எனக்கு மட்டுந்தான் அந்த யோசனை தோன்றியது என்று அன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் புதிதாக ஒன்றுக்கு எங்கே போவது? மாதத்தின் பெயரை வைத்தால் மறக்காது. வந்து போகிற அத்தனை பேரும் இதையே நினைத்து, அடுத்தவருக்குத் தெரியாமல் வைத்து, கடைசியில் ஊருக்கே ஒரே சாவியைச் செய்து வைத்திருந்தோம்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். ரஷ்யாக்காரன் வந்திருந்தால் ஒரே நாளில் எல்லார் வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பான் என்றார். சின்னப்பிள்ளைக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவரும் சிரித்தார். புவனேஸ்வரி சிரிக்கவில்லை. மூன்று வருஷமாக ஊரைப் படுத்தி எடுத்து அவள் செய்ததெல்லாம் தண்டம். மனசுக்குள் வைத்திருந்த கடிதமும் சந்திக்கு வந்துவிட்டது.

சுரேஷ்குமாரும் சிரிக்கவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "மேடம், அனுப்புனது நீங்க இல்லன்னா பரவால்லீங்க. நாங்க கெளம்பறோம்" என்றார்.

சின்னப்பிள்ளை மகனை முறைத்தார். "ஏன்டா, கடைய விடமாட்டேன், அப்பன விடமாட்டேன்னு எழுதிருக்குன்னு நீ படிச்சுக் காட்டுனப்ப எனக்குக் கோவந்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அப்பன விடாத பொண்ணு என்னையும் விடாதுன்னுதான் செந்துறைக்கு ஆள் அனுப்பி வேணாம்னுட்டேன். இப்ப இந்தப் பொண்ணு அனுப்பலேன்னா என்னடா அர்த்தம்?" பிறகு புவனேஸ்வரியிடம் திரும்பினார். "ஏம்மா, எழுதுனதாச்சும் நீயா, இல்ல அதுவும் உங்கப்பாவா?"

புவனேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எழுதுனது நாந்தாங்க" என்றாள். அப்படியே நேராக சுரேஷ்குமார் முன்னால் போய் நின்றாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு முன்னால் எந்தப் பெண்ணும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"சார், ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க."

"உங்க பாஸ்வேர்டு என்ன?"

அவர் திகைத்துப்போனார். அவர் அம்மாவைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"பொண்ணு கேக்குதுல்ல, சொல்லித் தொலையேன்டா!" என்றார் சின்னப்பிள்ளை.

"சொல்லுங்க தம்பி," என்றார் ஆண்டவர். "நாங்கெல்லாம் சொல்லிட்டோம்ல?"

சுரேஷ்குமார் கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கங்க மேடம். உசுரக் கேளுங்க தரேன். அத மட்டும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நான் வேணாம்னு சொல்லிட்டாக்கூட?"

"சொல்ல மாட்டேங்க," என்றார். காரைப் பார்க்கத் திரும்பினார்.

புவனேஸ்வரியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சிரிப்பை அத்தனை வருஷத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நான் கேட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை.

"அப்பா," என்றாள், "தட்ட வாங்குங்க."